வட சென்னைச் சமையலறையில் காளான்: இதயத்துக்காகப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் மூன்று வரி இருந்தது. உப்பு குறைக்கவும், எண்ணெய் குறைக்கவும், மாட்டுக்கறி ஆட்டுக்கறி குறைக்கவும். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய மனிதர். வாரத்தில் மூன்று நாள் கறியும், மற்ற நாளில் கருவாடும் இல்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது. கறிக்குப் பதில் காளான் போடலாம் என்று யாரோ சொல்ல, தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். கறி செய்கிற மாதிரியே எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மசாலா போட்டு, மூடி வேகவைத்தேன். ஒரு வாய் வைத்தார். "இன்னாம்மா இது, ரப்பர் மாரி கீது?" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

அந்தச் சமையலில் செய்த தப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்த எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை இல்லாத வீடு குறைவு. காளானைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தொடங்குகிறவர்களுக்கு அந்த ஆறு மாதம் வீணாக வேண்டாம்.

எதற்காகச் சாப்பிடுகிறோம்

100 கிராம் மொட்டுக் காளானில் (பட்டன் என்று கடையில் சொல்வார்கள்) சுமார் 22 கலோரி, 3 கிராம் புரதம். கொழுப்பு அரை கிராம் கூட இல்லை. கொலஸ்ட்ரால் அறவே கிடையாது. இயற்கையாக இருக்கும் சோடியம் (உப்பில் இருப்பது இதுதான்) மிகக் குறைவு. பொட்டாசியம் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு சின்ன வாழைப்பழத்தின் அளவு. சிப்பிக் காளானில் இது 400ஐத் தாண்டும். சோடியம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியம் அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். கருவாட்டிலும் ஊறுகாயிலும் வளர்ந்த நம் நாக்குக்கு இந்த இழுப்பு தேவைப்படுகிறது.

அப்புறம் நார்ச்சத்து. காளானில் பீட்டா குளுக்கான் என்ற வகை நார் இருக்கிறது. இந்த வகை நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகும். கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கானுக்கு இது நன்றாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது. காளானில் இருப்பது கொஞ்சம் வேறு அமைப்பு, அளவும் குறைவு. அதனால் காளானை மட்டும் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் கரைந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. கொலஸ்ட்ராலுக்கு இன்று கோடிக்கணக்கானவர்கள் போடும் ஸ்டாடின் மாத்திரையின் தொடக்கமே ஒரு பூஞ்சைதான். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ 1970களில் பூஞ்சைகளை ஆராய்ந்து முதல் ஸ்டாடினைக் கண்டுபிடித்தார். 1987ல் அமெரிக்காவில் முதலில் விற்பனைக்கு அனுமதி பெற்ற லோவாஸ்டாடினும் பூஞ்சையிலிருந்து எடுத்ததுதான். அதே பொருள் சிப்பிக் காளானில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது. இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா, "அப்போ மாத்திரையை நிறுத்திட்டு இதையே சாப்பிடலாமே" என்றார். கூடாது. காளானில் அதன் அளவு ஒரே மாதிரி இருக்காது, மாத்திரையின் அளவுக்கு வரவும் வராது. ராத்திரி போடும் மாத்திரையை ராத்திரி போட்டே ஆக வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2019ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. காளான் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததாக அதில் தெரியவில்லை. 2021ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 15,000க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 19 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தது. காளான் சாப்பிட்டவர்களில் இறப்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. சிவப்புக் கறிக்கோ பதப்படுத்திய கறிக்கோ பதிலாகத் தினம் ஒரு பங்கு காளான் என்று கணக்கிட்டபோது 35 சதவீதம் குறைவு. இவையெல்லாம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள்தான், காளான்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் சோதனைகள் இல்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. தட்டில் காளானை வைப்பதைவிட, அது எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் பெரிய விஷயம். கறியையும் சாப்பிட்டு, கூடவே பொரித்த காளானையும் சாப்பிட்டால் இதயத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

தள்ளுவண்டிக் காளானைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

"நான் வாரத்துக்கு நாலு நாள் காளான் சாப்பிடறேன்" என்று சொன்ன ஒருவரிடம் எங்கே என்று கேட்டால், சாயங்காலம் தள்ளுவண்டியில் என்றார். பல வண்டிகளில் அந்தத் தட்டில் அதிகம் இருப்பது முட்டைகோஸ். கோஸை மைதாவோடும் கார்ன்ஃப்ளாரோடும் பிசைந்து எண்ணெயில் பொரித்து, மறுபடி மசாலாக் குழம்பில் போட்டுக் கிளறித் தருகிறார்கள். காளான் பேருக்குக் கொஞ்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில்லி மஷ்ரூம், மஷ்ரூம் 65 எல்லாமே பொரித்த மாவுதான். ஆசைக்கு எப்போதாவது சாப்பிடுங்கள். இதயத்துக்கான காளான் வீட்டில் சமைத்ததுதான்.

எந்தக் காளான்

நம் பக்கம் மூன்று வகை கிடைக்கும். மொட்டுக் காளான் குளிர்ச்சியில் வளர்வது. ஊட்டிப் பக்கம் நிறைய விளைகிறது. 200 கிராம் பாக்கெட்டாக எல்லாக் கடையிலும் இருக்கும். சிப்பிக் காளான் விசிறி மாதிரி, மெல்லியது, சீக்கிரம் வெந்துவிடும். விலையும் நார்ச்சத்தும் பார்த்தால் எனக்கு இதுதான் முதல் தேர்வு, ஆனால் சீக்கிரம் கெடும். மூன்றாவது பால் காளான். தடித்த காம்பு, வெள்ளை வெளேர் என்று இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998ல் ஏபிகே 2 என்ற பெயரில் வெளியிட்ட ரகம் நம் வெயிலிலேயே வளரக்கூடியது. கறி மாதிரி கடித்துச் சாப்பிட வேண்டும் என்கிறவர்களுக்குப் பால் காளானையே கொடுங்கள். என் அப்பா கடைசியில் மடங்கியது இதற்குத்தான்.

டின்னில் வருவது உப்புத் தண்ணீரில் கிடப்பது. வேறு வழியில்லை என்றால் அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை அலசிப் பயன்படுத்துங்கள். காளான் சூப் பவுடர் பாக்கெட்டில் பெரும்பாலும் மாவும் உப்பும்தான், அதை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது

காசிமேட்டில் மீன் வாங்கத் தெரிந்தவருக்குக் காளான் வாங்கத் தனிப் பாடம் வேண்டாம். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா, மொட்டுக் காளானுக்குக் குடையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காம்பும் குடையும் சேருமிடத்தில் மெல்லிய தோல் மூடியிருந்தால் புதுசு. தோல் கிழிந்து, உள்ளே பழுப்பு மடிப்புகள் தெரிந்தால் இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது. உடனே சமைத்தால் சாப்பிடலாம், ஃபிரிஜ்ஜில் வைக்கக் கூடாது. விரலால் தொட்டால் வழவழப்பாக ஒட்டுகிறதா, பாக்கெட்டுக்குள் தண்ணீர் கட்டியிருக்கிறதா, முகர்ந்தால் அழுகிய மீன் வாடையோ அமோனியா நெடியோ வருகிறதா, எது இருந்தாலும் வேண்டாம். பளீரென்று வெள்ளையாக இருப்பதை மட்டும் தேடாதீர்கள். லேசான பழுப்புப் புள்ளியும் கொஞ்சம் மண்ணும் இயல்பு. பாக்கெட்டில் பேக் செய்த தேதியும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இருக்க வேண்டும். தேதி அழிந்திருந்தால், "அண்ணே, இது எப்ப வந்தது?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் கடைக்காரரிடமே அடுத்த முறையும் போங்கள்.

மே மாத மத்தியான வெயிலில் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். கடைசியாக வாங்கி, நேராக வீட்டுக்கு வந்து ஃபிரிஜ்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக்கைப் பிரித்து, சுத்தமான துணியிலோ டிஷ்யூ பேப்பரிலோ சுற்றி வைத்தால் வியர்க்காது. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். மொட்டுக் காளான் மூன்று நாள் தாங்கும். சிப்பி என்றால் மறுநாளே சமைத்துவிடுங்கள்.

கழுவுவதும் வெட்டுவதும்

தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். குழாயடியில் வேகமாக அலசி, துணியில் துடைத்தால் போதும். மஞ்சள் தண்ணீரில் அரை மணி நேரம் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. குடித்த தண்ணீரையெல்லாம் அது வாணலியில் கக்கும். பிறகு ஒரு மொட்டுக் காளானை நான்காக, இல்லை கொஞ்சம் தடித்த வில்லையாக வெட்டுங்கள். மெல்லியதாகச் சீவினால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

வாணலியில்

நான் முதல் நாள் எண்ணெயில் தொடங்கினேன், அங்கேதான் எல்லாம் கெட்டது. காளான் கத்தரிக்காய் மாதிரி, ஊற்ற ஊற்ற எண்ணெயைக் குடிக்கும். இரண்டு குழிக் கரண்டி ஊற்றினாலும் அடுத்த நிமிஷம் வாணலி காய்ந்து கிடக்கும், நாம் இன்னும் ஊற்றுவோம். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி. 22 கலோரிக் காளானை வாங்கி அதில் நான்கு ஸ்பூன் எண்ணெயைக் குடிக்கவிட்டால் இதயத்துக்கு எதைச் செய்தோம்?

அதனால் எண்ணெய் இல்லாமல் தொடங்குங்கள். இரும்பு வாணலியையோ அகலமான தோசைக்கல்லையோ நன்றாகக் காயவைத்து, 200 கிராம் காளானைப் பரப்பிப் போடுங்கள். குவியலாகப் போடாதீர்கள். தீ மிதமாக இல்லாமல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். மூட வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் விடத் தொடங்கும். மூன்றாவது நிமிஷம் வாணலியில் குளம் மாதிரி நிற்கும். இந்த நேரத்தில்தான் பலர் பயந்து, "குழம்பாயிடுச்சு" என்று மசாலாவைக் கொட்டிவிடுகிறார்கள். காத்திருங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். சளசளவென்று கொதிக்கிற சத்தம் குறைந்து, கீச்சென்ற சத்தம் வரும். துண்டுகள் பாதியாகச் சுருங்கி, ஓரத்தில் பொன்னிறம் ஏறும். கறி வறுபடுகிற வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். அப்போது ஓரமாக ஒதுக்கி, நடுவில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய். அதில் சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, சின்ன வெங்காயம். வதங்கியதும் எல்லாவற்றையும் புரட்டி, புதிதாக இடித்த மிளகு ஒரு டீஸ்பூன். தண்ணீர் போய்ச் சுருங்கிய காளான் முன்னைப் போல எண்ணெயைக் குடிக்காது, மேலே பூசிக்கொள்ளும். ரப்பர் மாதிரி இருப்பதற்குக் காரணம், மூடி போட்டுத் தன் தண்ணீரிலேயே அரைவேக்காடாக வெந்ததுதான். கறி மாதிரி அதிகம் வெந்து கெட்டியாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம், காளான் அதைத் தாங்கும்.

பச்சையாக, சாலட்டில் போட்டுச் சாப்பிடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. வேகவைத்தால் செரிமானமும் எளிது, பச்சை மொட்டுக் காளானில் உள்ள சில வேண்டாத பொருள்களும் குறையும்.

உப்பு கடைசியில்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன்! வாணலி நிறையப் பச்சைக் காளானைப் பார்த்து உப்புப் போட்டால், அது பாதியாகச் சுருங்கியதும் கரிக்கும். சுருங்கிய பிறகு போடுங்கள், 200 கிராமுக்குக் கால் டீஸ்பூன் தாராளம். காளானில் குளுட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது, தக்காளியில் இருப்பது போல. கறிச் சுவை என்று நாக்கு உணர்வது பெரும்பாலும் அதைத்தான். அதனால் உப்பைக் குறைத்தாலும் சப்பென்று இருக்காது. இறக்கும்போது அரை எலுமிச்சை பிழிந்தால் இன்னும் குறைக்கலாம். சோயா சாஸ் ஊற்றினால் இந்த உழைப்பெல்லாம் போச்சு, அது உப்புத் தண்ணீர் மாதிரிதான்.

எதை எடுத்துவிட்டு வைப்பது

காசிமேடு பக்கத்தில் இருக்கிற நாம் மீனை எடுக்கவே கூடாது. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி மாதிரி மீன்களில் இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. மீன் குழம்பு வைக்கிற நாள் அப்படியே இருக்கட்டும். பொரிப்பதை மட்டும் குறைத்தால் போதும். எடுக்க வேண்டியது மாட்டுக்கறி, ஆட்டுக்கறி நாட்களில் ஒன்றிரண்டு, அப்புறம் உப்பு ஏறிய கருவாட்டு நாட்கள்.

ஆனால் ஒரேயடியாக எடுத்தால் வீட்டில் சண்டைதான். நான் செய்தது இப்படி. முதல் ஞாயிறு, அரை கிலோ கறி வாங்குகிற இடத்தில் கால் கிலோ வாங்கினேன். கால் கிலோ பால் காளானைக் கறித்துண்டு அளவுக்கே வெட்டி, மேலே சொன்ன மாதிரி தண்ணீர் வற்ற வறுத்து, கறி வெந்த பிறகு சுக்காவில் சேர்த்தேன். மசாலா ஏறியதும் எது கறி, எது காளான் என்று பார்த்துப் பிரிப்பது கஷ்டம். அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அவரே, "இதுல காளான் கீதா?" என்றார். ஆமாம் என்றேன். தட்டைத் தள்ளவில்லை. கொத்துக்கறி செய்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். காளானைப் பொடியாகக் கொத்திப் பாதிக்குப் பாதி கலந்துவிடலாம். இரண்டு மாதத்தில் புதன்கிழமைக் கறி நாள் முழுக்கக் காளான் நாளாக மாறியது. பரோட்டாவுக்குச் சால்னா வேண்டும் என்கிற வீட்டில், தேங்காயைப் பாதியாகக் குறைத்துப் பொட்டுக்கடலை அரைத்து ஊற்றிக் காளான் சால்னா வையுங்கள். கூடவே பரோட்டாவைச் சப்பாத்தியாக மாற்ற முடிந்தால் ரொம்ப நல்லது.

எவ்வளவு, எத்தனை நாள்? ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம், அதாவது ஒரு பாக்கெட் இரண்டு பேருக்கு. வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்குங்கள். முதல் முறை சாப்பிடுகிறவர் ஐம்பது கிராமோடு நிறுத்திக்கொள்ளட்டும். சிலருக்கு வயிறு உப்பும், அபூர்வமாக அலர்ஜியும் வரும்.

மொட்டை மாடி இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டிய காளானை மத்தியான வெயிலில் அரை மணி நேரம் காட்டினால் அதில் வைட்டமின் டி உருவாகும். அது எலும்புக்கு. இதயத்துக்கு இதனால் லாபம் என்று நிரூபணம் இல்லை. செய்தால் காக்கைக்கு வலை போட்டு மூடி வையுங்கள்.

யார் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். மற்றவர்களுக்கு நல்லது செய்யும் அதே பொட்டாசியம், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தில் தங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் வாரம் மூன்று நாள் காளானால் பொதுவாகப் பிரச்சினை வராது. ஆனாலும் அடுத்த செக்கப்பில் சொல்லி வையுங்கள். யூரிக் அமிலம் கூடி கால் விரல் வீங்குகிறவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாவுச்சத்து குறைந்த நல்ல உணவு இது, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காளானைக் கூட்டலாம்.

தொடங்கும் முன் கொலஸ்ட்ரால் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றை எடுத்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொன்று. பிரஷரை வாரம் இருமுறை ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எண்கள் குறைந்தால் மாத்திரை அளவை டாக்டர் மாற்றட்டும், நாமாக மாற்றக் கூடாது.

மழைக்கு முளைத்ததைத் தொடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ரயில்வே லைன் ஓரத்திலும், மக்கிய கட்டையிலும், குப்பைமேட்டுப் பக்கமும் குடை குடையாக முளைக்கும். கிராமத்தில் பறித்துச் சாப்பிட்டு வளர்ந்த பெரியவர்கள் சிலர் இங்கேயும் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வெள்ளிக் காசு கறுக்கிறதா, அரிசி நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதுவும் விஷத்தைக் காட்டாது. சில காளான்களின் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. அதைவிட மோசம், அறிகுறி உடனே தெரியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஒரு நாள் சரியானது போலத் தெரியும், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அப்படி யாராவது சாப்பிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானையோ சமைத்த குழம்பையோ ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதையும் அந்த டப்பாவின் மேலேயே எழுதிவிடுங்கள்.